ஜெனரேட்டர் வாசலுக்கு வெளியே இருக்கட்டும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



நம்ம கூட்டமைப்பில் மூணு குழு கடன் வாங்கி ஜெனரேட்டர் வாங்கியிருக்கு. கல்யாணம், காதுகுத்துன்னு வாடகைக்குப் போகுது, தவணையும் ஒழுங்கா வருது. சந்தோஷம். ஆனால் வாடகைக் கணக்கு, பெட்ரோல் கணக்கு எல்லாம் பேசுற நாம, அதை எங்கே வைத்து ஓட்டணும்னு ஒரு நாளும் பேசினதில்லை. மழைக்காலத்துக்கு முன்னாடி அதைப் பேசிடலாம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவில் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் ஏற்ற, செல்போன் சார்ஜ் போட எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர்தான். எங்க வீட்டிலும் ஒண்ணு வாடகைக்கு எடுத்தோம். வெளியே வைத்தால் மழையில் நனையும், ராத்திரி யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பின்கட்டில் வைத்து ஓட்டினோம். ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் எனக்குத் தலைவலி, மாமியாருக்கு வாந்தி, சின்னவன் உட்கார்ந்தபடியே சாய்ந்துட்டான். மதியம் சாப்பிட்ட மீன் சேரலைன்னு நினைச்சு கஷாயம் வைக்கப் போனேன். நல்ல வேளை, பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் தம்பி வந்து நிறுத்தி, எல்லாரையும் வாசலுக்கு இழுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகுதான் பையன் தெளிந்தான்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தம் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு வந்துகொண்டே இருக்கும், மூளைக்கு ஆக்சிஜன் போகாது. தூங்குகிறவர்கள் முழிக்காமலே போயிடலாம். கர்ப்பிணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

ஜன்னலைத் திறந்து வைத்தாலோ ஃபேன் போட்டாலோ போதாது. திண்ணையும் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் நம்ம கதவுக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் எதிர்ப்புறமாகத் திரும்பி இருக்கணும். மழைக்கு நாலு கால் நட்டு மேலே தகரம் போடுங்க, பக்கம் மூடாதீங்க. திருட்டுக்கு பயமா? மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுங்க.

இன்னொண்ணு. பிள்ளை பெற்றவள் அறையில் கதவைச் சாத்தி கரித்தணல் சட்டி வைக்கிறோமே, அதிலும் இதே வாயுதான். "நாங்க அப்படித்தானே வளர்த்தோம்" என்பார்கள் பெரியவங்க. அன்றைக்குக் கூரை வீடு, ஓட்டு வீடு. இடுக்கு வழியாகக் காற்று போய்வந்தது. இன்றைக்குக் காங்கிரீட் வீட்டில் அது போக வழியில்லை.

வீட்டில் ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், வாந்தி வந்து, வெளியே வந்தால் குறையுதுன்னா சந்தேகப்படுங்க. கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டு வந்துட்டு 108க்குப் போன் பண்ணுங்க. ஜெனரேட்டர் புகைன்னு டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்லலைன்னா அவங்களும் சாப்பாட்டுக் கோளாறுன்னு நினைக்கலாம்.

வாடகை நோட்டில் "வீட்டுக்குள் ஓட்டமாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே மெஷினை அனுப்பணும்னு இன்றைக்குத் தீர்மானம் போடலாம். நீளமான ஒயர், சங்கிலி, பூட்டு மூணும் மெஷினோடவே போகட்டும். அந்தச் செலவை வாடகை வரவில் கழித்துக்கலாம். ஊக்குநர்கள் கடையில் விலை கேட்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க.