நுரையீரல் புற்றும் அறுவைக்குப் பின் ஆயுளும்



1933-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகரில், டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம் புற்றுநோய் கண்ட நுரையீரல் ஒன்றை முழுவதும் அகற்றினார். அந்நோயாளி ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். அறுத்த மருத்துவரோ நெடுங்காலம் புகைத்தவர். 1957-இல் நுரையீரல் புற்றுக்கே இரையானார்.

அறுவைக்குப் பின் ஆயுளை நிர்ணயிப்பவை யாவை? கட்டி சிறிதாயிருத்தல், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாதிருத்தல், நோய் எச்சமின்றி அகற்றப்படுதல், எஞ்சிய நுரையீரலின் வலிமை, புகையைக் கைவிடுதல் ஆகியனவே. முதுமை ஒன்றே தடையன்று.

ஆதலின், மூன்று வாரம் நீடிக்கும் இருமலையும், சளியில் காணும் இரத்தத்தையும் அசட்டை செய்யலாகாது. காசநோய் என நாமே முடிவுகட்டி நாளைக் கடத்துவதும் தகாது. பீடியை இன்றே விடுங்கள். காலத்தில் வருவோர்க்கே கத்தி கைகொடுக்கும்.