சேற்றில் இறங்கும் கைகள்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் முனைவர் பட்ட ஆய்வாளன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தில் சேறு எடுத்து, அதிலுள்ள நச்சு உலோகங்களை அளப்பது என் வேலை. இன்று அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தண்ணீரை விட்டுவிட்டு ஏன் சேற்றை அளக்கிறோம்? கழிமுகத்து நீர் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் மாறிவிடும். காலையில் அள்ளிய நீர் மாலையில் அங்கே இருக்காது. ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவை நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். ஒரு குழாயைச் சேற்றில் நேராக இறக்கி எடுத்தால், எந்தக் காலத்தில் எது கொட்டப்பட்டது என்பது அடுக்கடுக்காகத் தெரியும். ஆலைகள் மறந்தாலும் சேறு மறக்காது.

எண்ணூர் சேற்றில் என்ன இருக்கிறது? வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்களிலிருந்து பல ஆண்டுகளாகக் கசிந்த நிலக்கரிச் சாம்பல் இருக்கிறது. 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இந்தச் சாம்பல் மாசைச் சீரமைக்கச் சொன்னது. அடுத்த ஆண்டே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து சேர்ந்தது. மேலே மிதந்ததை எல்லோரும் படம் எடுத்தோம். அடியில் இறங்கிய கனமான பகுதியை யாரும் படம் எடுக்க முடியாது. காற்றுப் புகாத சேற்றில் அது மிக மெதுவாகத்தான் சிதையும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். முதல் முறை போனபோது படகில் உட்கார்ந்து, நடு ஆற்றில் சம இடைவெளியில் புள்ளிகள் குறித்துச் சேறு எடுத்தேன். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லியிருந்தது. கரையோரத்தில் ஓர் இருளர் அக்கா, மார்பளவு தண்ணீரில் இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவிப் பிடிக்கும் தொழில் அது. அவர் கேட்டார்:

"இன்னா தம்பி, நடு ஆத்துலயே எடுத்துகினு போறே? நாங்க கை வுடற எடத்துல எடுக்க மாட்டியா?"

என் இரண்டு கைகளிலும் கையுறை இருந்தது.

அவர் கேட்டதைக் கொஞ்சம் யோசியுங்கள். நம் நாட்டில் குடிநீருக்குத் தர அளவு உண்டு. ஆற்றுச் சேற்றுக்குச் சட்டப்படியான தேசிய அளவு கிடையாது. எங்களைப் போன்றவர்கள் அமெரிக்க, கனடிய அளவுகளை இரவல் வாங்கி எழுதுகிறோம். அந்த அளவுகள் சேற்றில் வாழும் புழு, நத்தை போன்ற உயிர்களுக்கு வரும் கேட்டை வைத்து வகுக்கப்பட்டவை. நாள் முழுக்கச் சேற்றில் கைவிட்டு, அந்தத் தண்ணீர் வாயில் பட உழைக்கும் மனிதரை மனதில் வைத்து அவை எழுதப்படவில்லை.

நிவாரணக் கணக்கையும் பாருங்கள். எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு அரசு அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் படகும் வலையும் இல்லாதவருக்குக் கைதானே கருவி? அந்தக் கையில் புண் வந்தால் எந்தத் தலைப்பில் எழுதுவது? மீனவர் என்றதும் படகு நம் நினைவுக்கு வருகிறது. நீரில் யாருக்கு எந்த இடம் என்பதைச் சாதியும் தீர்மானிக்கிறது என்பது நினைவுக்கு வருவதில்லை. பழவேற்காட்டில் மீன்பிடி முறை வைக்கும் பாடு முறையில் இருளருக்குப் பங்கில்லை. அவர்களுக்கு மிஞ்சியது கரையோரச் சேறு. நஞ்சு தங்குவதும் அங்கேதான்.

சுத்தம் செய்வதிலும் இதே கேள்வி வரும். எண்ணெயை வாளியாலும் கையாலும் அள்ளியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். சேற்றைத் தோண்டி எடுப்பது எளிய தீர்வு போலத் தெரியும். ஆனால் கறுப்புச் சேற்றைக் கிளறிக் காற்றுப் படவிட்டால், அதில் கட்டுண்டிருந்த உலோகங்களில் ஒரு பகுதி மறுபடி நீரில் கரையும். அள்ளிய சேற்றைக் கரையில் குவித்தால், அடுத்த மழையில் அது திரும்பி ஆற்றுக்கே வரும். வேறு இடத்தில் கொட்டினால், அது எந்தச் சேரிக்குப் பக்கத்தில்? சில இடங்களில் தோண்டாமல் சுத்தமான மணலால் மூடிக் கண்காணிப்பதே நல்லது. எதைச் செய்தாலும், அந்தச் சேற்றில் இறங்குகிறவர்கள் முடிவெடுக்கும் மேசையில் உட்கார வேண்டும். எங்கே, எந்த ஆழத்தில் மாதிரி எடுப்பது என்பதிலிருந்தே அது தொடங்க வேண்டும்.

1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிக் குடித்தபோது, தண்ணீர் யாருக்கு என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. அதோடு சேறு யார் தலையில் என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

இரண்டாம் முறை அந்த அக்கா காட்டிய இடங்களில், அவர் கை போகும் ஆழத்தில் எடுத்தேன். ஆய்விதழுக்கு அனுப்பும் முன்பு முடிவுகளை அவரிடம் போய்ச் சொன்னேன். சில இடங்களில் சேறு மோசமாக இருக்கிறது என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அப்போ நாளைக்கு எங்க எறங்கறது?" என்றார்.

என் ஆய்வேட்டில் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடும் வேலையில் நீங்களும் சேர வேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன்.