வலி உணராத பாதம்

(திருவண்ணாமலையில் நடந்த ஸ்தோத்திரக் கூட்டத்தில் ஆதரவாளர்களுக்கு அளித்த செய்தி)



பௌர்ணமி இரவில் நம் ஊரில் திரளான ஜனங்கள் செருப்பில்லாமல் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள். காலில் முள் தைத்தால் உட்கார்ந்து பிடுங்கிவிட்டு நடப்பார்கள். தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதத்துக்கோ முள் தைத்ததே தெரியாது. நடந்து நடந்து அது புண்ணாகிவிடும். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் எடுத்துக் காட்டினார். விரல்களை அழிப்பது பெரும்பாலும் வலி தெரியாமல் படும் காயங்களே. வலி தேவன் தந்த ஈவு என்று அவர் போதித்தார்.

தோல்வியும் அப்படிப்பட்ட வலிதான். 1940-களில் செங்கல்பட்டு அருகே திருமணியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் சல்போன் மருந்து கொடுத்து நல்ல பலன் கண்டார். டாப்சோன் மாத்திரை உலகமெங்கும் பரவியது. இனி இந்த ஒரு மாத்திரை போதும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. 1964-ல் அதற்கு அடங்காத கிருமி உண்டென்று மலேசியாவில் நிரூபணமாயிற்று. அந்த வலி மருத்துவர்களை விழிக்கச் செய்தது. 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இலட்சக்கணக்கானோர் சுகமடைந்தார்கள்.

பின்பு வெற்றி வந்தது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது. நோயே ஒழிந்துவிட்டதென்று பலர் எண்ணிக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய்த் தேமல் பார்க்கும் வேலை குறைந்தது. கிருமியோ பொறுமையுள்ளது, நோயின் அடையாளம் தெரியச் சராசரி 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டும் ஆகும். 2016-ல் மறுபடியும் வீடு வீடாகத் தேடியபோது பல்லாயிரம் புதிய நோயாளிகள் வெளிப்பட்டார்கள். தோல்வி நம்மை எழுப்பியது. வெற்றியோ உணர்ச்சியற்ற பாதத்தைப்போல் நம்மை மரத்துப்போகச் செய்தது.

நாகமான் யோர்தானில் ஏழுதரம் முழுகினான். ஆறோடு கரையேறியிருந்தால்?

பிரியமானவர்களே, உணர்ச்சி இழந்தவர்கள் ஒவ்வொரு இரவும் தங்கள் பாதத்தைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கவேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறோம். நாமும் அப்படியே செய்வோம். நல்ல அறிக்கை வாசிக்கப்படும் நாளிலேயே, விடுபட்ட தெரு எது, மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் யார் என்று கேட்போம். உணர்ச்சியற்ற தேமல் உள்ளவரைக் கண்டால் பயப்படாமல் அழைத்து வாருங்கள். அரசு மருத்துவமனையிலும் மாத்திரை இலவசம். 6 அல்லது 12 மாதத்தில் சிகிச்சை முடிந்துவிடும். உங்கள் ஜெபமும் காணிக்கையும் ஏழாம் முழுக்குவரை எங்களோடு இருப்பதாக.