கிட்டாரும் உறுமியும்



ஓர் இசைத்தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, இடையில் தாவாமல் கேட்கும் பழக்கம் நம்மிடையே குறைந்துவிட்டது. கைபேசி அடுத்த பாட்டைத் தானாகவே எடுத்துப் போடுகிறது. யார் பாடினார்கள், எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு என்று கேட்கத் தோன்றுவதற்குள் அந்தப் பாட்டு முடிந்துவிடுகிறது. சினிமாப் பாட்டுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. படம் இருக்கிறது, நடிகர் இருக்கிறார், மனத்தில் நிற்க வேறு பிடிமானங்கள் உண்டு. ஆனால் சினிமாவுக்கு வெளியே, கையில் உள்ள காசைப் போட்டுத் தங்கள் ஊர்க் கதையைச் சொல்ல வருகிற இளைஞர்களுக்கு அந்தப் பாட்டு வரிசை மட்டும்தான் உண்டு. அதையும் நாம் பாதியில் விட்டால் அவர்கள் சொல்ல வந்தது நமக்கு வந்து சேராது.

அண்மையில் நான் முழுதாகக் கேட்ட சில தொகுப்புகளைப் பற்றி இன்று பேசுகிறேன். சில புதியவை. சில பழையவை, மறுபடியும் எடுத்துக் கேட்டவை. ராக், ராப், கானா, மெட்டல் என்று வகைகள் பல. நான் எல்லாவற்றிடமும் கேட்டது ஒரே கேள்விதான்: கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், இந்தப் பாட்டு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தெரிகிறதா?

நம் மலேசியாவிலிருந்தே தொடங்குவோம். 2006-இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'யோகி பி & நட்சத்திரா' என்ற பெயரில் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார்கள். யோகி பி அதற்கு முன்பே 'பொயட்டிக் அம்மோ' குழுவில் ஆங்கிலத்தில் ராப் பாடிப் பெயர் வாங்கியவர். 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாட்டை இந்தத் தொகுப்பில் எடுத்து மறுஆக்கம் செய்தார்கள். அது தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் வரை போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி-யின் குரல் கேட்டது. உள்ளூர்க் கலைஞர் என்றால் சினிமாப் பாட்டைப் பார்த்துப் பாடுகிறவர் என்று இருந்த எண்ணம் அன்றைக்கு உடைந்தது.

இப்போது கேட்கும்போது, அந்தப் புகழ்பெற்ற பாட்டைவிட அதைச் சுற்றியுள்ள பாட்டுகளே எனக்கு அதிகம் பிடிக்கின்றன. தமிழும் ஆங்கிலமும் அவற்றில் முட்டிக்கொள்வதில்லை. பேருந்து நிலையத்தில் நம் பிள்ளைகள் பேசுவதுபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எளிதாக வழுக்கிப் போகின்றன. மொழி கலந்துவிட்டது என்று அன்று வருந்திய பெரியவர்கள் உண்டு. மலாக்காக்காரர்களான நாம் அப்படி வருந்தத் தேவையில்லை. காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் நூற்றாண்டுகளாக மலாய் பேசி, தமிழ்த் தெய்வங்களை வணங்கி வருகிறவர்கள். மலாய்க்காரர், பாபா நியோஞா, போர்த்துக்கீசியர் ஆகியோருடன் அவர்களும் சேர்ந்து காத்துவரும் டொண்டாங் சாயாங்கை யுனெஸ்கோ 2018-இல் பண்பாட்டு மரபாக ஏற்றது. வயலினும் ரெபானா மேளமும் கோங்கும் ஒலிக்க, பந்துன் எனும் மலாய்ப் பாக்களை இருவர் மாறி மாறிப் பாடும் கலை அது. மேற்கத்திய வயலினை எடுத்துத் தன் பாட்டுக்குப் பழக்கிக்கொண்ட ஊர் இது. கிட்டாரைக் கண்டு இந்த ஊர் ஏன் தயங்க வேண்டும்?

கிட்டார் நம்மவர் கைக்குப் புதிதும் அல்ல. பினாங்கிலிருந்து வந்த அல்லிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் எழுபதுகளின் இறுதியிலிருந்து மலாய் பாப் இசையின் உச்சத்தில் இருந்தவர்கள். லோகநாதன் 2007-இல் மறைந்தபோது இன வேறுபாடின்றி நாடு வருந்தியது. அவர்களுடைய பாட்டுகளை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனால் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தவை மலாய்ப் பாட்டுகள். தமிழில், தோட்டப்புறப் பேச்சில், அந்தத் தரத்தில் ஒரு குழு எழும்பவில்லை என்ற குறை அவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் எழும்.

அடுத்த தொகுப்பை நாம் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது முழுதாகக் கேட்க வேண்டும். 2007-இல் வந்த 'கலா'. பாடியவர் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மறுபடியும் லண்டனுக்குப் போனவர். முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரை வைத்து 'அருளர்' என்றார். இரண்டாவதற்குத் தாயின் பெயர். அமெரிக்காவில் பதிவு செய்யலாம் என்றிருந்தபோது விசா சிக்கல் வந்தது. அதனால் இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். சென்னைக்கு வந்தவர் உறுமியைப் பிடித்துக்கொண்டார். 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டைப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே உறுமிதான். அதை மெருகேற்றவில்லை, மென்மையாக்கவில்லை. நம் ஊர்த் திருவிழாவில் காவடி நகரும்போது வயிற்றில் வந்து அடிக்கும் அதே சத்தம், லண்டன் நடன அரங்குகளில் ஒலித்தது.

அதே தொகுப்பில் 'பேப்பர் பிளேன்ஸ்' என்றொரு பாட்டு உண்டு. உலகம் முழுதும் அறிந்த பாட்டு. அதன் அடியில் ஓடும் இசை, இங்கிலாந்தின் ராக் குழுவான 'தி கிளாஷ்' 1982-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பழைய பாட்டு, குடியேறி வந்தவர்களையும் வியட்நாமில் அமெரிக்கப் படைவீரர்கள் விட்டுப்போன பிள்ளைகளையும் பற்றியது. அந்த இசைமேல் ஓர் ஈழத்துப் பெண் நின்று, விசாவைப் பற்றியும் எல்லைகளைப் பற்றியும் பாடுகிறார். இரவல் இசையை இவ்வளவு பொருத்தமாக எடுத்தாண்ட பாட்டுகள் சிலவே.

உறுமியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். சாதாரணத் தோல் வாத்தியம் அடித்ததும் ஒலித்து அடங்கிவிடும். உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றில் குச்சியால் அடி. மற்றொன்றில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க ஒலி நீள்கிறது, வளைகிறது, ஏறி இறங்குகிறது. மின்கிட்டார்க்காரர் கம்பியை விரலால் இழுத்து ஸ்வரத்தை வளைக்கும்போது கேட்பதும் இந்த வகை ஒலிதான். இரண்டும் அழுவதுபோல் முனகும், இரண்டும் நீளும். அதனால்தான் இரண்டையும் ஒரே பாட்டில் வைப்பது கடினம். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. பதிவு செய்கிறவர் கிட்டாரை முன்னால் வைத்து, உறுமியைப் பின்னால் தள்ளி, மணம் சேர்க்கும் கறிவேப்பிலை அளவுக்குக் குறைத்துவிடுவார். நம்மவர் செய்யும் பல கலப்பிசைப் பாட்டுகள் இங்கேதான் தோற்கின்றன. எம்.ஐ.ஏ. 'பேர்ட் ஃப்ளூ'வில் உறுமிக்கு எதிராக எதையும் நிறுத்தவில்லை. அதனால் அது முழு உருவத்தோடு நிற்கிறது.

இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்தியவர்களும் உண்டு. சென்னையில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், இசையமைப்பாளர் தென்மா ஒருங்கிணைத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு. 2018 ஜனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது பேர் ஒரே மேடையில் ஏறினார்கள். சட்டி, கட்டமோளம், பறை என்ற மேளங்கள் ஒரு பக்கம், மின்கிட்டாரும் டிரம்ஸும் இன்னொரு பக்கம். நடுவில் வடசென்னைக் கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும். குழுவின் பெயருக்குப் பின்னால் சாதியை மறுத்த அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனை இருக்கிறது. இறுதி ஊர்வலத்தில் மட்டும் ஒலிக்கலாம் என்று ஒதுக்கிவைத்த வாத்தியங்களுக்கும் பாட்டுக்கும் அவர்கள் மேடையின் நடுவை விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுடைய 'மகிழ்ச்சி' தொகுப்பில் எனக்கு மிகப் பிடித்தது கிட்டாரின் அடக்கம். பாடகர் நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில்தான் அது வாய் திறக்கிறது. குழுவின் பாடகி இசைவாணியின் குரல் வரும்போது மொத்த மேடையும் அவருக்கு வழி விடுகிறது. எல்லாப் பாட்டும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. சிலவற்றில் சொல்ல வந்த கருத்து இசையை முந்திக்கொண்டு ஓடுகிறது. இருந்தாலும் கண்ணை மூடினால் எந்த ஊர் என்று சந்தேகமே வராது.

சிங்கப்பூரின் 'ருத்ரா'வையும் சொல்லிவிடுகிறேன். 1992-இல் தொடங்கிய மெட்டல் குழு. 2003-இல் வந்த 'குருக்ஷேத்ரா'வைக் கேட்டேன். உறுமலாகப் பாடும் ஆங்கில வரிகளுக்கு இடையே சமஸ்கிருத மந்திரங்கள் வருகின்றன. வாசிப்பில் எத்தனை ஒழுங்கு, எத்தனை உழைப்பு! இத்தனை ஆண்டுகள் விடாமல் செய்தவர்கள் என்பதற்கே மரியாதை கொடுக்கலாம். ஆனால் என் கேள்விக்கு அதில் பதில் இல்லை. பக்கத்து நாட்டுத் தமிழர்களின் தெரு அதில் எனக்குக் கேட்கவில்லை. பெங்களூரின் 'அகம்' குழுவும் அப்படித்தான். கர்நாடக ராகத்தை ராக் இசையோடு அழகாகப் பின்னுகிறார்கள், கேட்க இனிமை. கச்சேரி மண்டபத்தைத் தாண்டி வெளியே வருவதில்லை.

இனி ராப் பாடகர் அறிவு. 2019-இல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' தந்தபோது அவர் கோபக்கார இளைஞர். நல்ல கோபம், கூரான சொல். 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. நம் தோட்டத்துக் கல்யாண வீடுகளில்கூட அதற்கு ஆடினோம். அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருப்பவர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, தமிழ்நாடு திரும்பியவர். 2024-இல் வந்த தொகுப்புக்கே 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். இதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையும் ஏக்கமும் ஒன்றாக வந்தன. தேயிலைக்குப் பதில் ரப்பர் என்று மாற்றிக்கொண்டால் அது நம் பாட்டிமார் கதை. அதே கங்காணி, அதே லயத்து வீடு, பெரட்டு எனும் அதே விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு. அரக்கோணத்துப் பையன் தன் பாட்டியைப் பற்றி ஒரு முழுத் தொகுப்பே செய்துவிட்டார். நம் பாட்டிமாருக்கு யார் செய்வது?

செய்ய விஷயம் இல்லையா என்ன? இந்த மண்ணில் வாணிபத்துக்காக ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டமே மலாக்காவில்தான் எழுந்தது. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் மரம் நட்டார், பிறகு புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் போட்டார். அந்த அசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள்தான் 1967-இல் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை கால்நடையாகப் போனார்கள். ஒரு ராக் தொகுப்பின் பாட்டு வரிசையே அந்த நடையில் இருக்கிறது. புறப்பாடு, வெயில், வழியில் சோறு போட்டவர்கள், இரவுத் தங்கல், பட்டணத்து வாசல். நடையின் வேகமே தாளம். பிறகு பால்மரம் போய் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. பிள்ளைகள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் இரவு வேலைக்குப் போனார்கள். இவை எல்லாமே பாட்டுக்கு உரியவை. தோட்டத்துப் பெண்கள் பாடிய பாட்டுகளை முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தேடி எழுதிவைத்திருக்கிறார்கள். மெட்டுக்கும் சொல்லுக்கும் பஞ்சமில்லை.

ஆளுக்கும் பஞ்சமில்லை. மெர்லிமாவிலும் பெம்பானிலும் தெபோங்கிலும் உறுமி மேளக் குழுக்கள் எத்தனையோ பார்க்கிறோம். கல்யாண மேடைகளில் கிட்டாரும் கீபோர்டும் வாசிக்கிற இசைக்குழுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரே தாமானில் வசிக்கின்றன, ஒரே கடையில் தே தாரே குடிக்கின்றன. சேர்ந்து வாசிப்பதில்லை. மேளக்காரப் பிள்ளை கோயிலுக்கு, கிட்டார்ப் பிள்ளை மண்டபத்துக்கு என்று நாமே பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டு பேரையும் ஒரு நாள் ஒரே அறையில் உட்காரவைக்கக்கூடிய பெரியவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து செய்யுங்கள்.

பதிவு செய்யப்போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். உறுமிக்கு ஒரே மைக்கை முன்னால் வைக்காதீர்கள். அடிக்கும் முகத்துக்கு ஒன்று, தேய்க்கும் முகத்துக்கு ஒன்று என்று இரண்டு வையுங்கள். தேய்ப்பு ஒலியைத் தனியாக ஏற்றி இறக்க வழி இருந்தால்தான் கிட்டாருக்கு எதிரில் அது நிற்கும். முதலில் மேளத்தைப் பதிவு செய்யுங்கள், குழு முழுவதையும் ஒன்றாக நிற்கவைத்து. அவர்கள் வேகம் கூடினால் கூடட்டும். கணினித் தாளத்துக்குள் அவர்களைக் கட்டிப்போட வேண்டாம். கிட்டார் வாசிக்கிறவர் அதைக் கேட்டுவிட்டுப் பிறகு வாசிக்கட்டும். பாட்டு தயாரானதும் இந்த வானொலி நிலையத்துக்கு அனுப்புங்கள். தொகுப்பாக இருந்தால் முழுத் தொகுப்பையும் அனுப்புங்கள். நான் முதலிலிருந்து கடைசி வரை கேட்கிறேன்.