அடுப்படியில் எது எங்கே?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சிவில் படிச்சவங்க, வீடு கட்டுறதைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். வீடு என்றால் ஒரு நாள் போதாது. அதனால் ஒரே ஒரு அறையை எடுத்துக்கொண்டேன். அடுப்படி. அதிலும் ஒரே ஒரு கேள்வி. கிரைண்டர், மிக்ஸி, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், கேஸ் சிலிண்டர், குடிநீர் சுத்திகரிப்பான் இதெல்லாம் எங்கே உட்கார வேண்டும்?

"இதென்னம்மா பெரிய கேள்வி, இடம் இருக்கிற இடத்துல வைக்க வேண்டியதுதானே" என்று சிலர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. அப்படி வைத்த வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். ஃபிரிட்ஜ் ஹாலில் நிற்கும். கிரைண்டர் தரையில் கிடக்கும். மிக்ஸிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதன் வயர் சிங்க்குக்கு மேலே தொங்கும். இருபது லட்சம், முப்பது லட்சம் செலவழித்துக் கட்டிய வீட்டில், ஈரக்கையோடு அந்த வயரைத் தொடுகிற ஒருவர் தினமும் நிற்கிறார். நான் பேச வந்தது அவரைப் பற்றித்தான்.

இந்தக் கேள்வியை உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் யோசித்திருக்கிறார்கள். 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். ரயில் உணவுப் பெட்டியில் எவ்வளவு சின்ன இடத்தில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்பதைக் கவனித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து செய்த வேலை அது. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அதை அமைத்தார்கள். பிறகு 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'வேலை முக்கோணம்' என்ற கணக்கைப் பரப்பினார்கள். ஃபிரிட்ஜ், சிங்க், அடுப்பு மூன்றையும் கோடு போட்டு இணைத்தால், ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள், மூன்று பக்கமும் சேர்த்து 26 அடிக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. இன்றைக்கும் மாடுலர் கிச்சன் விற்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

கணக்கு சரிதான். ஆனால் அது யாருடைய சமையலுக்குப் போட்ட கணக்கு? சாமான் ஃபிரிட்ஜில் ஆரம்பித்து, சிங்க்கில் கழுவி, அடுப்பில் முடிகிற சமையல் அது. நம் வீட்டு இட்லிக்கு அந்த முக்கோணம் போதுமா? பார்ப்போம்.

அரிசியும் உளுந்தும் டப்பாவில் இருக்கிறது. எடுத்துச் சிங்க்குக்குப் போகிறோம், களைகிறோம், ஊற வைக்கிறோம். அங்கிருந்து கிரைண்டர். அரை மணி, முக்கால் மணி அது ஓடுகிறது. நடுநடுவே தண்ணீர் தெளிக்க வேண்டும், வழிக்க வேண்டும். அப்புறம் பெரிய பாத்திரம், உப்பு, கரைத்தல். கல்லையும் டிரம்மையும் கழுவ மறுபடி சிங்க். மாவு பொங்கிய பிறகுதான் ஃபிரிட்ஜ். ஆக, அரிசி டப்பா, சிங்க், கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று ஒரு வரிசை. அடுப்பு இந்த வரிசையிலேயே இல்லை!

காலையில் இன்னொரு வரிசை. ஃபிரிட்ஜிலிருந்து தேங்காய், மிளகாய். நறுக்கும் பலகை. மிக்ஸி. தாளிக்க அடுப்பு. ஜாரைக் கழுவ சிங்க். இந்த இரண்டு வரிசையையும் ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். எது எங்கே என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும்.

முதலில் கிரைண்டர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நம் ஊர் கண்டுபிடித்த சாமானுக்கு நம் வீட்டில் இடம் இல்லை என்றால் எப்படி? டேபிள் டாப் கிரைண்டர் பத்து கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதைத் தினம் தூக்கி வைக்க முடியாது. நிரந்தர இடம் வேண்டும். சமையல் மேடை 32, 34 அங்குல உயரம். அதன் மேல் கிரைண்டரை வைத்தால் டிரம்மின் வாய் நெஞ்சுக்கு மேலே போய்விடும். கையைத் தோளுக்கு மேல் தூக்கிக் கல்லை எடுக்க வேண்டும். தரையில் வைத்தால் இடுப்பு போய்விடும். ஆகவே சிங்க்குக்குப் பக்கத்தில், ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில் தாழ்வாக ஒரு சின்ன மேடை போடுங்கள். ஒரு கடப்பா கல், இரண்டு பக்கமும் செங்கல். அவ்வளவுதான் செலவு. அந்த மேடைக்கு லேசாக வாட்டம் கொடுத்து, தண்ணீர் சிங்க் பக்கம் ஓடும்படி செய்துவிட்டால் கழுவுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

அடுத்தது மிக்ஸி. அதன் இடம் அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில். அந்த இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு அடி, முடிந்தால் மூன்று அடி மேடை விடுங்கள். நறுக்குவது, அரைப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும். அடுப்பை ஒட்டியே சிங்க் வைத்தால், குழாய்த் தண்ணீர் காய்ந்த எண்ணெயில் தெறிக்கும். மிக்ஸியை அடுப்பை ஒட்டியே வைத்தால், வயர் சூட்டில் உருகும்.

ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிற யந்திரம். தள்ளுவதற்கு இடம் வேண்டும். சுவரோடு ஒட்டாமல் நான்கு அங்குலமாவது விடுங்கள். அடுப்பின் பக்கத்திலோ, மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னல் எதிரிலோ வைத்தால் கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். இன்னொன்று, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். திறந்த கதவு மேடையை மறைத்தால், ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தோடு சுற்றி வர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அது அடுப்படியின் வாசல் பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க ஓடி வருகிற குழந்தை, கொதிக்கிற குழம்பைத் தாண்டிப் போகக் கூடாது.

மைக்ரோவேவை அழகுக்காக உயரத்தில் பதிக்கிறார்கள். சூடான பாத்திரத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்கினால் முகத்தில்தான் கொட்டும். நெஞ்சு உயரத்துக்குக் கீழே வையுங்கள், பக்கத்தில் பாத்திரம் இறக்க ஒரு அடி இடம் விடுங்கள். ஆர்.ஓ. சுத்திகரிப்பானுக்குக் கழிவு நீர்க் குழாய் உண்டு என்பதை மறக்காதீர்கள். சிங்க்கின் பக்கத்துச் சுவரில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டி, கழிவு நீரை ஒரு வாளியில் பிடித்தால் வீடு துடைக்க ஆகும்.

இனி கேஸ் சிலிண்டர். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது; தரையில் தண்ணீர் மாதிரி படரும். ஆகவே மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரை மட்டத்தில் காற்றோட்டம் வேண்டும். கதவு போட்டு மூடுகிற அலமாரி என்றால் கீழே துளைகள் கட்டாயம். அந்த இடத்தில் தரையை ஒட்டிப் பிளக் பாயின்ட் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜையும் அங்கே வைக்காதீர்கள்; அதற்குள் தானாகவே அணைந்து எரிகிற ஸ்விட்ச் இருக்கிறது, சின்னப் பொறி போதும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் கண்ணுக்குத் தெரியும்படி போக வேண்டும். அதன் மேல் அச்சிட்டிருக்கும் தேதி முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். வாயுவே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் சுமார் 30 கிலோ. பின்வாசலிலிருந்து நேராக உருட்டி வரும்படி இடம் பார்த்தால், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டிலும் சிரமம் இல்லை. கசிவு வாடை வந்தால் எந்த ஸ்விட்ச்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

இப்போது என் எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு. இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், மைக்ரோவேவ் 1300 வாட், கெட்டில் 1500 வாட். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 4800 வாட். 230 வோல்ட்டில் வகுத்தால் ஏறக்குறைய 21 ஆம்பியர். ஒரே 16 ஆம்பியர் லைனில் மூன்றையும் இழுத்துவிட்டு, "அடிக்கடி டிரிப் ஆகுதுங்க" என்றால் அது என்ன செய்யும், பாவம்! அடுப்படிக்குத் தனித்தனியாக இரண்டு மூன்று பவர் லைன் கொடுங்கள். ஸ்விட்ச் மேடைக்கு மேலே, சிங்க்கிலிருந்து தள்ளி, அடுப்பின் நேர் பின்னால் இல்லாமல் இருக்கட்டும். ஓடுகிற கிரைண்டரைத் தாண்டிக் கையை நீட்டி ஸ்விட்ச் போடும் நிலை வரக்கூடாது. மூன்று முள் பிளக்கில் அந்தப் பெரிய முள் எர்த். அதை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டையில் செருகுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கிரைண்டர் வழிக்கிறவருக்கு அந்த முள்தான் முதல் காப்பு. இரண்டாவது காப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று இருக்கிறது என்று இன்னொன்றை விடக் கூடாது. ஆர்.சி.சி.பி.யில் 'டெஸ்ட்' பட்டன் இருக்கிறது, மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

"எங்களிடம் டிஷ்வாஷர் இல்லையே, இண்டக்‌ஷன் இல்லையே" என்பீர்கள். நாளைக்கு வரும். பூச்சு வேலைக்கு முன்னால் சுவரில் ஒரு பைப் அதிகமாகப் புதைப்பதற்குச் சில நூறு ரூபாய். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதையே உடைத்துச் செய்வதற்கு எத்தனை ஆயிரம் என்று உங்கள் கொத்தனாரைக் கேளுங்கள்.

வாஸ்து பற்றி ஒரு வார்த்தை. அக்னி மூலையில் அடுப்பு, கிழக்குப் பார்த்துச் சமையல் என்று பெரியவர்கள் விரும்பினால் அப்படியே செய்யுங்கள், வீட்டில் சண்டை வேண்டாம். அடுப்பின் இடம் முடிவான பிறகும் மற்ற சாமான்களுக்கும் நாம்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜன்னல் காற்று நேராக அடுப்பில் அடித்துச் சுடரை அணைக்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் போடும் பிளானில் 'கிச்சன்' என்று ஒரு கட்டம் போட்டு, 8 x 10 என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடாதீர்கள். சுவர் எழும்பியதும், பூச்சுக்கு முன்னால், தரையில் சாக்பீஸால் மேடையையும் சாமான்களையும் நிஜ அளவில் வரையுங்கள். ஃபிரிட்ஜுக்கு ஒரு காலி அட்டைப்பெட்டி, கிரைண்டருக்கு ஒரு வாளி. அந்த வீட்டில் சமைக்கப் போகிறவரைக் கூப்பிட்டு, "அம்மா, ஒரு சாம்பார் வைங்க" என்று சொல்லுங்கள். வெறுங்கையால் வைக்கட்டும். எங்கே திரும்புகிறார், எங்கே எட்டுகிறார், எங்கே இடிக்கிறார் என்று பாருங்கள். அவர் கை நிற்கிற இடத்தில் ஸ்விட்ச்சுக்குக் குறி போடுங்கள். அரை மணி நேர வேலை.

பல வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன். பிளானைப் பற்றி வீட்டுக்காரர் பேசுவார், மைத்துனர் பேசுவார், ஜோசியர் பேசுவார். சமைக்கிறவர் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். முப்பது வருஷம் அங்கே நிற்கப் போகிறவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கடைசியாக ஒன்று. அந்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு. ஆனால் பிற்காலத்தில் அதன் மேல் ஒரு குறையும் சொன்னார்கள்: அங்கே ஒரே ஆள்தான் வேலை செய்ய முடியும், உதவிக்கு இன்னொருவர் வந்தால் நிற்க இடமில்லை. நம் அடுப்படிக்கும் இது பொருந்தும். நடைபாதை இரண்டரை அடி என்றால், "நகருங்க, நான் பார்த்துக்கறேன்" என்று அவரே நம்மை வெளியே அனுப்பிவிடுவார். நாமும் சந்தோஷமாகப் பேப்பர் படிக்கப் போய்விடுவோம். நான்கு அடி விடுங்கள். இரண்டு பேர் முதுகு இடிக்காமல் நிற்கலாம். காய் நறுக்க ஒருவர், தாளிக்க ஒருவர். கணவரோ, மகனோ, மகளோ, யாராக இருந்தாலும் உள்ளே வர இடம் இருந்தால்தான் வருவார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால் சாம்பார் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. இதற்கு மேல் அடுப்படியைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்க மாட்டீர்கள்.