மாம்பூவின் பொய்ச் செழிப்பு



பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில், வடநாட்டிலிருந்து வந்த ஒட்டுமாங்கன்று ஒன்றை வாங்கி வீட்டுக் கொல்லையில் நட்டேன். நான்காம் ஆண்டு தை மாதத்தில் அது பூத்தது. சில பூங்கொத்துகள் மட்டும் மற்றவற்றைப் போல நீண்டு விரியாமல், பூக்கோசு போலத் திரண்டு, தடித்து, பசுமையாய் நின்றன. அவற்றைக் காட்டி அண்டை வீட்டாரிடம் பெருமை பேசினேன். அவர் கேட்டபோது, ஒட்டுக் கட்டுவதற்கு அம்மரத்தின் குச்சியையும் மனமுவந்து கொடுத்தேன். பங்குனி வந்தது. மெலிந்த கொத்துகளில் வடுக்கள் தொங்கின. நான் மெச்சிய கொத்துகளிலோ ஒன்றுகூட இல்லை!

நான் செழிப்பென்று கருதியது நோயாகும். இதனை மாவின் உருக்கேடு என்பர். பீகாரைச் சேர்ந்த தர்பங்காவில் 1891-ஆம் ஆண்டிலேயே இது குறிக்கப்பட்டது. இதற்குக் காரணம் யாது என்பதில் அறிஞரிடையே நெடுங்காலம் கருத்து வேற்றுமை நிலவிற்று. மொட்டில் வாழும் நுண்ணிய சிலந்திப்பேன் என்றனர் சிலர். உரக்குறை என்றனர் வேறு சிலர். வைரஸ் என்றாரும் உண்டு. பியூசேரியம் என்னும் பூசணமே காரணம் என்று 1966-இல் இந்திய ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். மாவைத் தாக்கும் அவ்வினத்திற்கு 2002-இல் தனிப்பெயரும் இடப்பட்டது. சிலந்திப்பேனோ, அப்பூசணத்தின் வித்துகளை மொட்டுக்குள் சேர்க்கத் துணைபுரிவதே என்பது தெளிவாயிற்று.

மொட்டினுள் புகுந்த பூசணம் செய்வது யாது? செடியின் வளர்ச்சியை அளந்து நடத்தும் ஊக்கிகளின் சமநிலையைக் குலைக்கிறது. அதனால் கொத்தின் காம்பு நீளாமல் குறுகித் தடிக்கிறது. கிளைகள் அளவின்றிப் பெருகுகின்றன. பூக்கள் மிகுந்தாலும், அவற்றுட் பெரும்பாலானவை ஆண் பூக்களே. காய் பிடிக்கவல்ல இருபாற்பூக்கள் அருகிவிடுகின்றன. இளங்கன்றுகளிலோ, நுனித்தளிர் நீளாமல், சிற்றிலைகள் கொத்தாக அடர்ந்து நிற்கும். என் அண்டை வீட்டாரின் ஒட்டுக்கன்றில் அடுத்த ஆண்டு நான் கண்டது அதுவே. நான் கொடுத்த குச்சியோடு நோயும் சென்றிருந்தது.

இதற்குச் செய்யத்தக்கது எளிது. ஆனால் மனத்துக்கு அரிது. திரண்ட கொத்தைக் கண்டவுடன், அதற்குக் கீழே குறைந்தது 20 சென்டிமீட்டர் கொம்பையும் சேர்த்து வெட்டி எரித்துவிட வேண்டும். மரத்தடியில் போட்டுவைத்தலாகாது. வெட்டாது விட்ட கொத்து, கறுத்துக் காய்ந்து, பல மாதம் மரத்திலேயே தொங்கிப் பூசண வித்துகளைப் பரப்பும். வெட்டிய கத்தியைத் தூய்மை செய்த பின்னரே மற்றொரு மரத்தைத் தொட வேண்டும். நோய்ப்பட்ட மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்தல் அறவே கூடாது. எகிப்து, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளிலும் இந்நோய் காணப்படுகிறது. நெடுந்தொலைவு கடக்க அதற்குக் கன்றும் குச்சியுமே வாகனம்.

தென்னாட்டில் இக்கேடு வடநாட்டளவு மிகுந்திலது. அதனை அவ்வாறே வைத்திருத்தல் கன்று வாங்குவோர், விற்போர் ஆகிய இருசாரார் கையிலும் உள்ளது. அண்டை வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி, இருவரும் சேர்ந்தே அக்கன்றைப் பிடுங்கி எரித்தோம். என் மரத்தின் கொத்துகளையும் ஆண்டுதோறும் தவறாது வெட்டி வருகிறேன். வரும் தை மாதத்தில் உங்கள் மாமரம் பூக்கும்போது, மிகச் செழித்த கொத்தையே முதலில் ஐயுற்று நோக்குங்கள்.