கடுகின் உறவுமுறை
(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறச் சிற்றூர்களின் மாணவர்கள், அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற நான் தாவரங்களின் வகைப்பாட்டைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆனால், சந்தைக்கு வரும் விதை இன்னதுதான் என்று உறுதி செய்ய இயலாதபோது விலை மட்டுமா பாதிக்கப்படுகிறது? 1998-ஆம் ஆண்டு தில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் கலந்ததால் நீர்வீக்க நோய் பரவி, 60 பேருக்கு மேல் மாண்டனர். பிரமதண்டு விதை பார்வைக்குக் கடுகைப் போன்றது, குடும்பமோ கசகசாவினுடையது.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. உங்கள் வீட்டு முற்றத்து முருங்கையும் பப்பாளியும் கடுகுக்கு உறவு! தோற்றத்தில் ஒற்றுமை ஏதுமில்லை. ஆயினும், முருங்கை வேரை முகர்ந்தவரும் பப்பாளி விதையைக் கடித்தவரும் கடுகின் காரநெடியை அறிவர். இந்நெடிக்குக் காரணமான வேதிப்பொருள்களைக் கொண்டு டால்கிரென் என்ற அறிஞர் 1975-லேயே இவ்வுறவை ஊகித்தார். பின்னர் டி.என்.ஏ. சான்று அதனை உறுதி செய்தது. இலையின் பசுங்கணிகத்திலுள்ள குறிப்பிட்ட மரபணுக்களைச் செடிக்குச் செடி ஒப்பிட்டு, எழுத்து வரிசை எந்த அளவு ஒத்துள்ளது என்று பார்ப்பதே இம்முறை. 1998-இல் வெளியான ஏ.பி.ஜி. வகைப்பாடு இம்மூன்றையும் ஒரே வரிசையில் அமர்த்தியது.

இங்கு வேலியோரங்களில் மஞ்சள் பூவுடன், தொட்டால் பிசுபிசுக்கும் நாய்க்கடுகைக் கண்டிருப்பீர்கள். நாய்வேளை என்றும் சொல்வதுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் இது 'அரியவேளா' என்று இடம்பெற்றது. கடுகுப் பூவைப் போலவே நான்கு இதழ்கள். ஆனால் கடுகின் காயிலுள்ள மெல்லிய நடுத்தடுப்பு இதில் இல்லை. ஆகவே, கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் இதனைக் கடுகோடு சேர்க்காமல், ஆதண்டைக் குடும்பத்தில் வைத்தது. 2002-இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வோ, வேளைச் செடிகள் ஆதண்டையைவிடக் கடுகுக்கே நெருங்கியவை என்று காட்டியது. கடுகு என்று பெயரிட்ட நம் முன்னோரின் கணிப்பு பெரிதும் தவறிவிடவில்லை!

ஆனால் 1998-இல் ஒரே குடும்பமாக இணைக்கப்பட்ட இம்மூன்றும், 2009-இல் மூன்று குடும்பங்களாக மீண்டும் பிரிக்கப்பட்டன. உறவின் நெருக்கத்தைத்தான் டி.என்.ஏ. கூறும்; குடும்ப எல்லையை எங்கே வரைவது என்பதை அறிஞர்களே கூடி முடிவு செய்கின்றனர். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை பிறந்தபின்னும் இருபுறமும் உறவினரைக் கொண்டுள்ள உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2002-ஆம் ஆண்டின் உயிரியப் பன்மைச் சட்டத்தின்படி, உள்ளாட்சிகள் மக்கள் பதிவேடுகளைப் பேணவேண்டும். அவற்றில் குடும்பப் பெயரை நிரப்பும் அலுவலர், பழைய நூலில் உள்ளதை அப்படியே பெயர்த்தெழுதிவிடுவது எளிது. அதைவிட முக்கியமானது, ஊரார் வழங்கும் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர் இரண்டையும் எழுதி, பூவும் காயும் உள்ள கிளையொன்றை அழுத்தி உலர்த்தி, பறித்த இடமும் நாளும் குறித்து வைப்பதாகும். மாணவர்கள் இதை ஒரு மழைக்காலத்திலேயே செய்து முடிக்கலாம். எந்தச் செடியினின்று எடுத்தது என்று காட்ட மாதிரி இல்லாத டி.என்.ஏ. முடிவு, ரசீது இல்லாத கணக்கைப் போன்றது. எந்தத் தணிக்கையிலும் அது நில்லாது.